முப்பத்தேழு சதவீதம்: ஓர் எண்ணைத் தேடிப்போன வழி

1

'நாட்டின் தோல் ஏற்றுமதியில் வேலூர் மாவட்டத்தின் பங்கு 37 சதவீதத்துக்கும் மேல்.' இந்த வாக்கியத்தைத் துண்டறிக்கையில் போடலாமா கூடாதா என்பதில்தான் பேச்சு தொடங்கியது. அணைக்கட்டில் டீக்கடை பெஞ்சு. விடியுமுன் ஷூ கம்பெனி வண்டியேறிப் போகிற பெண்களின் கூலி பற்றிய துண்டறிக்கை அது. 'இவ்ளோ சம்பாதிச்சுக் குடுக்கிற ஊருக்கு இதான் கூலியா?' என்று கேட்பது நோக்கம். கேள்வி நியாயமானதுதான். ஒரு தோழர் செல்போனை நீட்டினார். 'நெட்ல கீது, பாருப்பா.' எதிரிலிருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'யாரு எண்ணுனாங்க?'

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போன வழியையே இங்கு எழுதுகிறேன். பொருளாதாரம் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்று நூலகத்துக்குப் போவதில்லை, இணையத்துக்குத்தான் போகிறோம். அங்கே கிடைப்பதில் எதை நம்புவது, எப்படிச் சோதிப்பது என்பது வெறும் ஆய்வு ஒழுக்கம் சார்ந்த விஷயமல்ல. நம் மனுவில் ஓர் எண் பிசகினால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மனுவையே குப்பையில் போட்டுவிடுவார். அவர்கள் தரப்பு எண்கள் பிசகினால் எதுவும் ஆவதில்லை. இந்தச் சமமின்மை இருக்கிறவரை நாம் இரண்டு மடங்கு கவனமாக இருந்தாக வேண்டும்.

37 சதவீதம் பல தளங்களில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே வாக்கியம், ஒரே சொற்கள். ஆண்டு இல்லை, எடுத்த இடம் இல்லை. மூன்று கேள்விகள் கேட்டோம்.

ஒன்று, எந்த ஆண்டு? தெரியாது.

இரண்டு, எந்த வேலூர்? 1989 வரை இது வட ஆற்காடு மாவட்டம். அந்த ஆண்டு திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, தொண்ணூறுகளில் வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019ல் அதுவும் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. பேரணாம்பட்டும் அணைக்கட்டும் வேலூரில் தங்கின. ஆக, ஆம்பூரைச் சேர்த்துச் சொன்ன எண்ணை இன்றைய வேலூர் மாவட்டத்துக்கு ஒட்டவைத்தால் அது பொய். யாரும் பொய் சொல்லாமலேயே பொய்யாகிவிட்ட எண். இந்தக் குழப்பம் அரசுக்கும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ல் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலை வெளியிட்டபோது இந்தப் பகுதியை 'வேலூர் - வட ஆற்காடு' என்றே குறித்தது.

மூன்று, எந்தத் தோல்? வெளிநாட்டு வணிகக் கணக்கில் சரக்குகளுக்கு அத்தியாய எண்கள் உண்டு. பதனிட்ட தோல் 41, பை, பெல்ட் வகையறா 42, காலணி 64. மத்திய வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி - இறக்குமதித் தரவுத்தளத்தில் இவற்றை ஆண்டுவாரியாக, நாடுவாரியாக இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் 64ல் ரப்பர் செருப்பும் கேன்வாஸ் ஷூவும் அடக்கம். 42ல் துணிப்பையும் பிளாஸ்டிக் பெட்டியும் அடக்கம். 'தோல் ஏற்றுமதி' என்று ஒருவர் சொல்லும்போது எந்த அத்தியாயங்களைக் கூட்டினார் என்று தெரியாமல் சதவீதம் பேசுவதில் அர்த்தமில்லை.

துண்டறிக்கையில் அந்த எண்ணைப் போடவில்லை.

2

எண்ணுக்கு மூலம் இல்லாதது ஒரு சிக்கல் என்றால், மூலம் இருந்தும் வழியில் உருமாறிவிடுவது இன்னொரு சிக்கல். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு உலகமெங்கும் சுற்றுச்சூழல் சட்ட வகுப்புகளில் பேசப்படுவது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. பாலாற்றுத் தோல் தொழில் பற்றி எழுதுகிற எவரும் அதிலிருந்து எடுத்தாளும் எண் 35,000 ஹெக்டேர்.

தீர்ப்பின் மூல வாசகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; 'இந்தியன் கானூன்' தளத்திலும், உச்ச நீதிமன்றமே நடத்தும் மின்தீர்ப்புத் தளத்திலும் பார்க்கலாம். திறந்து படித்தால் தெரியும்: அது நீதிமன்றம் அளந்த எண் அல்ல. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணித்ததாகத் தீர்ப்பில் வருகிறது. டேனரிப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் 'பகுதியாகவோ முழுமையாகவோ' சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்பதே அங்குள்ள கூற்று. பின்னால் எழுதியவர்கள் கையில் 'பகுதியாகவோ' உதிர்ந்துபோகிறது. 'டேனரிப் பகுதி' என்பது 'வேலூர் மாவட்டம்' ஆகிவிடுகிறது. 'கிட்டத்தட்ட'வும் காணோம். கடைசியில் '35,000 ஹெக்டேர் நிலம் அழிந்தது' என்று நிற்கிறது.

நூறு கட்டுரைகள் இதைச் சொல்லலாம். நூறும் ஒரே மூலத்திலிருந்து எடுத்திருந்தால் நமக்கு இருப்பது ஒரு சாட்சி, நூறு சாட்சிகள் அல்ல. இணையத் தேடலின் பெரிய மயக்கமே இதுதான். திரும்பத் திரும்ப வருவதை ஊர்ஜிதம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. கேட்டால் சரளமாகப் பதில் சொல்கின்றன. சில சமயம் எழுதப்படவே படாத கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் கற்பித்துத் தருகின்றன. அவை சொல்வதை வழி விசாரிக்கப் பயன்படுத்தலாம். சாட்சியாக ஏற்றக் கூடாது.

இதனால் பாலாறு பாழாகவில்லை என்று ஆகிவிடாது. 1996 தீர்ப்பை ஒட்டி அமைக்கப்பட்ட சூழலிழப்பு ஆணையம், 547 டேனரிகளால் பாதிக்கப்பட்டவர்கள் என 29,193 பேரைக் கணக்கெடுத்து 2001ல் சுமார் 26.82 கோடி ரூபாய் ஈடு நிர்ணயித்தது. பெயர் பெயராக விசாரித்துப் போட்ட கணக்கு அது. ஆகவே ஹெக்டேர் எண்ணைவிட உறுதியானது. ஆனால் அதையும் கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டும். நிலத்தையும் கிணற்றையும் வைத்து இழப்பை அளக்கும்போது, அந்த நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்தவர்களின் இழப்பு எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது?

3

இந்தக் கேள்வியோடு அரசுப் புள்ளிவிவரங்களுக்கு வருவோம். 'அரசாங்கக் கணக்கு எல்லாம் பொய்' என்று ஒதுக்குவது நம் தரப்பில் ஒரு பழக்கம். அது சோம்பேறித்தனம். அரசுக் கணக்கு பெரும்பாலும் பொய்யல்ல. அது ஒரு வரையறைக்குள் மட்டும் உண்மை. வரையறையைப் படிக்காதவருக்குத்தான் அது பொய்யாகிறது.

ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை, 'அப்பர்' என்பார்களே அதை, வீட்டுத் திண்ணையில் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் ஏராளம். இடைத்தரகர் கொண்டுவந்து போடுவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இவர்களை எந்தக் கணக்கில் தேடுவது?

ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வில் இல்லை. அந்த ஆய்வின் அடிப்படை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்: மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர். திண்ணை தொழிற்சாலை ஆகாது. அந்த ஆய்வு காட்டும் 'தோல் துறை வேலைவாய்ப்பு' பதிவு பெற்ற ஆலைக்குள் இருப்பவர்கள் மட்டும்தான். இன்னொன்று: 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 20, 40 என உயர்த்திவிட்டது. இனி வரும் ஆண்டுகளில் 'சிறு ஆலைகள் குறைந்துவிட்டன' என்று யாராவது கட்டுரை எழுதினால், குறைந்தது ஆலையா வரையறையா என்று முதலில் பாருங்கள்.

சரி, வீடு வீடாகப் போகிற தொழிலாளர் ஆய்வு? 2017-18 முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வில் இவர்கள் வரக்கூடும். எந்தப் பெயரில்? தேசிய மாதிரி ஆய்வின் மரபுப்படி, வேலையை வெளியே கொடுத்து வாங்கும் முறையில் வீட்டிலிருந்து செய்து தருகிறவர் 'சுயதொழில் செய்பவர்'. அதாவது நம் ஊர்த் திண்ணைப் பெண், அறிக்கையின் அட்டவணையில் கடை முதலாளியோடு ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். 'பெண்களிடையே சுயதொழில் பெருகியிருக்கிறது' என்று ஒரு தலைப்புச் செய்தி வரும்போது அதில் இவரும் இருக்கலாம். தவிர, இந்த ஆய்வின் மாதிரி 2024 வரை மாநில அளவுக்கே வடிவமைக்கப்பட்டது. மாவட்டத்தை அடிப்படை அலகாகக் கொண்டது 2025லிருந்துதான். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு 'வேலூர் மாவட்ட வேலையின்மை விகிதம்' என்று யாராவது தசமப் புள்ளியோடு எழுதினால் சந்தேகப்படுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த ஆய்வுகளின் அடிப்படைத் தரவுகளை, பெயர்கள் நீக்கப்பட்ட நிலையில், புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் பதிவுசெய்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். தோல் தொழிலுக்கான தேசியத் தொழில் வகைப்பாட்டு எண் 15. 2008க்கு முந்தைய வகைப்பாட்டில் அதுவே 19. இதை அறியாமல் இரண்டு காலத்தையும் ஒப்பிட்டால் தோல் தொழில் மாயமாய் மறைந்ததுபோல் தெரியும். ரிசர்வ் வங்கியின் தரவுத்தளமும் மாநிலங்கள் பற்றிய அதன் ஆண்டுக் கையேடும் இலவசம். மாவட்டப் புள்ளியியல் கையேடு பருவமழை, சாகுபடிப் பரப்பு, கிணறுகளுக்கு உதவும்.

அரசு எண்ணாத இடத்தில் வேறு ஆட்கள் எண்ணியிருக்கிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த சிவிடெப் அமைப்பு பிரிட்டன் அமைப்புகளோடு சேர்ந்து 2016ல் ஆம்பூர்ப் பகுதி வீட்டுத் தையல் பெண்கள் பற்றி அறிக்கை வெளியிட்டது. இது பிரச்சார நோக்கமுள்ள அமைப்பின் அறிக்கைதானே என்பார்கள். ஆமாம். ஏற்றுமதியாளர் சங்கத்தின் அறிக்கையும் அப்படித்தான். இரண்டிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை பேரைச் சந்தித்தார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், கேட்ட கேள்வி என்ன? இதைச் சொல்கிற அறிக்கையைப் பயன்படுத்தலாம், யாருடையதாக இருந்தாலும்.

4

அடுத்து, ஆய்வுக் கட்டுரைகள். வட ஆற்காடு பொருளியலாளர்களுக்குப் புதிய இடமல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை அனுப்பிச் செய்த கிராம ஆய்வு 1918ல் நூலானது. அன்றைய வட ஆற்காட்டின் தூசி அதில் ஒரு கிராமம். எழுபதுகளில் பி.எச். ஃபார்மர் தலைமையில் கேம்பிரிட்ஜ் குழு, எண்பதுகளில் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும், பிறகு பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் எஸ். ஜனகராஜனும் என்று தொடர்ந்து இந்த மாவட்டத்தைப் படித்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி நெல்லைப் பற்றியது, பசுமைப் புரட்சியைப் பற்றியது. தோல் பற்றிய ஆங்கிலேயர் காலத்து அறிக்கை ஒன்று ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904ல் எழுதியது. எது ஆய்வுப் பொருளாகிறது என்பதிலும் ஓர் அரசியல் இருக்கிறது. தோலைத் தொடுகிறவர்கள் யார் என்பதை நினைத்துக்கொண்டால் அது புரியும்.

இவற்றை எப்படிப் படிப்பது? காப்புரிமை தீர்ந்த பழைய நூல்களுக்கு இணைய ஆவணக் காப்பகம் இருக்கிறது. புதியவற்றுக்குத்தான் பூட்டு. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது, ஆனால் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் மட்டும். தனியார் கல்லூரி ஆசிரியருக்கு இல்லை. அணைக்கட்டு டீக்கடை பெஞ்சுக்கும் இல்லை. நமக்கான வாசல் ஆய்வுத்தாள்கள். பொருளியலில் ஒரு நல்ல வழக்கம், இதழில் வருவதற்கு முன்பே கட்டுரையை ஆய்வுத்தாளாக வெளியிட்டுவிடுவது. 'ரெபெக்' என்ற தளம் 1997 முதல் இவற்றைத் தொகுத்து வருகிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சென்னைப் பொருளியல் பள்ளி ஆகியவற்றின் தாள்களை அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே எழுதிக் கேட்கலாம். பலர் அனுப்பிவிடுவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

'சர்வதேச ஆய்விதழ்' என்று அட்டையில் போட்டுக்கொண்டு, காசு கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடும் கடைகளும் இணையத்தில் மலிந்துவிட்டன. தரமான இதழ்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025ல் கைவிடப்பட்டது. எனவே பட்டியலை நம்பாமல் கட்டுரையை நம்புங்கள். தரவு எங்கிருந்து என்று சொல்கிறதா, அட்டவணை எண்ணும் வாசகத்தின் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பெரிய பெயர் என்பதும் உத்தரவாதமில்லை. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் இருவரும் 2010ல் எழுதிய கட்டுரை, அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்றது. பல நாடுகளில் மக்கள் நலச் செலவை வெட்ட அது ஆயுதமானது. 2013ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களிடமே கணக்குத்தாளை வாங்கிப் போட்டுப் பார்த்தார். சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. இதையும் வேறு குறைகளையும் சரிசெய்தபோது, அதிகக் கடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி கழித்தல் 0.1 அல்ல, கூட்டல் 2.2 என்று வந்தது. தாளைக் கேட்டு வாங்கியதுதான் அந்த மாணவர் செய்த பெரிய காரியம்.

5

இல்லாத எண்ணும் ஒரு செய்தி. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை, தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசு வெளியிடாமலே விட்டது. 2021ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போய், தலைகளை எண்ணும் பணிக்கு 2027 பிப்ரவரி என்று குறிக்கப்பட்டது. ஆகவே இன்று ஒன்றிய அளவில் நாம் காட்டும் பல சதவீதங்களுக்கு அடியில் 2011ன் தலைக்கணக்குதான் கிடக்கிறது. எழுதும்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.

அரசுத் தளங்களில் கோப்புகள் காணாமல் போகும், முகவரி மாறும். பார்த்த அன்றே இறக்கிச் சேமியுங்கள். தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். தளத்தில் இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 'எல்லா விவரமும் தருக' என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்த அலுவலகத்தின் எந்த ஆண்டின் எந்தப் பதிவேடு என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தெரிவதற்கே முன்சொன்ன வரையறைகளையெல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று வழக்கில் மறுபடி தீர்ப்பளித்தது. ஈட்டுத்தொகை இன்னும் சேராதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துச் சேதத்தைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு! தணிக்கை என்றால் மீண்டும் எண்கள். யாருடைய கிணறு, எந்த ஆண்டு, எவ்வளவு உப்பு, யாருக்கு வேலை போனது? இந்தக் கட்டங்களை நிரப்ப டேனரி முதலாளிகளிடம் கணக்காளர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் டீக்கடை பெஞ்சும் ஒரு செல்போனும் இருக்கின்றன.

துண்டறிக்கை கடைசியில் வேறு விதமாக வந்தது. ஏற்றுமதிச் சதவீதம் எதுவும் இல்லை. தெருவில் அப்பர் தைக்கும் பெண்களிடம் ஒரு வாரம் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி, ஜோடிக்கு எவ்வளவு, நூலும் ஊசியும் யார் செலவு என்று கேட்டு எழுதிக்கொண்டோம். எத்தனை பேரைக் கேட்டோம், எந்தத் தெரு, எந்தத் தேதி என்பதை அடியில் போட்டோம். 'இந்த எண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?' என்று யார் கேட்டாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட முடியும்.