வெட்டுப்பட்ட மணி

அம்பத்தூர் தாண்டினால் திருமுல்லைவாயில். மின்சார ரயிலில் தினமும் போய்வருகிற பலருக்கு அது இன்னொரு ஸ்டேஷன், அவ்வளவுதான். அங்கே கோயில் கொண்டிருக்கும் சிவனுக்கு மாசிலாமணீஸ்வரர் என்று பெயர். மாசு இலாத மணி. அந்த மணியின் தலையில் ஒரு வாள்வெட்டு இருக்கிறது.

புழல் கோட்டையை ஆண்ட ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களை அடக்கத் தொண்டைமான் படையோடு வந்தான் என்கிறது தலபுராணம். வழியில் முல்லைக்கொடி யானையின் காலைச் சுற்றிக்கொண்டது. மேலே இருந்தபடியே வாளை வீசினான். கொடி அறுந்த இடத்தில் ரத்தம் பீறிட்டது. இறங்கிப் பார்த்தால், புதருக்குள் லிங்கம். பதறிப்போய்த் தன் கழுத்தையே அரியப் போனவனை இறைவன் தடுத்தார். வெட்டுப்பட்டும் தான் மாசில்லாத மணியே என்று தேற்றி, போருக்கு நந்தியைத் துணையாக அனுப்பினார். இன்றைக்கும் அங்கே நந்தி சுவாமியைப் பார்ப்பதில்லை; போருக்குக் கிளம்பிய கோலத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

பழைய கதைதான். ஒற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்ணிழந்த சுந்தரர், தட்டுத்தடுமாறி இங்கே வந்து பாடிய பதிகத்திலேயே தொண்டைமானின் யானையும் முல்லைக்கொடியும் வந்துவிடுகின்றன.

மணிக் கதைகள் உலகெங்கும் உண்டு. சூரியன் சத்திராஜித்துக்குத் தந்த சியமந்தகம் நாளுக்கு எட்டு பாரம் பொன் சுரந்தது. அதை அணிந்து வேட்டைக்குப் போன பிரசேனனைச் சிங்கம் அடித்தது, பழி கண்ணன் மேல் விழுந்தது. 1977-இல் வெளிவந்த டோல்கீனின் ‘சில்மரிலியன்’ நூலில் மோர்காத் திருடிய மூன்று மணிகள் அவன் கையையே கருக்கிவிடுகின்றன. அந்தக் கதைகளிலெல்லாம் மணி என்பது யாரோ ஒருவர் கையில் இருக்க வேண்டிய பொருள். ஆசைப்பட்டவன் அழிகிறான்.

முல்லைவாயில் மணிக்கு யாரும் ஆசைப்படவில்லை. அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. அதை வெட்டியவனும் குறும்பன் இல்லை, கதை யாரை நல்லவன் என்கிறதோ அந்த அரசன். யானை மேல் இருந்தவனுக்குக் காலடியில் கிடப்பது தெரியவில்லை. அதிகாரத்தின் தீமையை இதைவிட நெருங்கிச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. வெட்டியவனை மணி எரிக்கவும் இல்லை.

குறும்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடு மேய்த்து வாழ்ந்த மக்கள். வென்றவர்கள் சொன்ன கதையில் கொடியவர்கள் ஆனார்கள். அவர்கள் கோட்டையிலிருந்து தொண்டைமான் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் சன்னதி முன்னால் நிற்கின்றன. எருக்கு புதராக மண்டுகிற செடி. தண்டவாளத்து ஓரமெல்லாம் அதுதான். கிள்ளினால் பால் வடியும். ‘உன் வீட்டில் எருக்கு முளைக்க’ என்பது நம்மூர்ச் சாபம். இடிந்துபோன கோட்டையின் அந்த எருக்கைத் தாண்டித்தான் மணியைக் கும்பிட முடியும். அங்கே போகும்போதெல்லாம் முதலில் அந்தத் தூண்களைத்தான் கும்பிடுகிறேன்.

லிங்கத்தின் காயம் ஆறச் சந்தனம் சாத்தியிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரை சதயத்தன்று பழைய சந்தனத்தைக் களைந்து புதிதாகச் சாத்துவார்கள்.