அண்ணப் பிளவு: பேச்சு வருமுன் வாருங்கள்

"பள்ளிக்கூடத்தில் இவன் பேசுவது யாருக்கும் புரியவில்லையாம் டாக்டர்" என்று ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே உதட்டைத் தைத்தாயிற்று. முகம் சரியாகிவிட்டதே என்று மேல் அண்ணத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். வெளியே தெரியாத பிளவு யார் கண்ணை உறுத்தப் போகிறது?

எந்த வயதில் எந்த அறுவை?

உதட்டுக்கு 3 முதல் 6 மாதம். எடை சுமார் 4.5 கிலோ, ஹீமோகுளோபின் 10 கிராம் இருக்க வேண்டும். அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதம், அதாவது பேச்சு படியும் முன். ப, ட, க போன்ற ஒலிகளுக்கு வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்கு வழியே போய்விடும். 'பாப்பா', 'மாம்மா' ஆகும். அது பழகிப்போன பிறகு தைத்தாலும் நீண்டகாலப் பேச்சுப் பயிற்சி தேவைப்படும். ஈறு வரை பிளவு இருந்தால் 8 முதல் 11 வயதுக்குள் எலும்பு ஒட்டும் சிகிச்சை. சிலருக்கு வளர்ச்சி நின்ற பிறகு தாடை அறுவை. ஒரே ஆபரேஷனில் முடிகிற வேலை இல்லை இது.

பிளவோடு இவற்றிலும் குறை இருக்கலாம் என்பதால் இதயம், காது கேட்கும் திறன் இரண்டையும் பரிசோதிப்போம்.

கிரகணமும் தொக்கமும்

கிரகணத்தன்று அரிவாள்மனையைத் தொட்டாள் என்று பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இன்னும் நிற்கவில்லை. கருவின் உதடு ஏழாம் வாரத்துக்குள்ளும் அண்ணம் பன்னிரண்டாம் வாரத்துக்குள்ளும் கூடி முடிகின்றன. ஐந்தாம் மாதத்துக் கிரகணம் எதைப் பிளக்கும்? உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. கிரகணமே வராத மாதங்களிலும் பிறக்கிறார்கள். மரபணு, சில மருந்துகள், கர்ப்பிணியின் புகைப்பழக்கம் எனக் காரணங்கள் பல. பலருக்குக் காரணம் இன்னதென்றே பிடிபடாது. மாமியார்கள் தயவுசெய்து மருமகளை விட்டுவிடுங்கள்.

உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பால் மூக்கில் வரும், எடை ஏறாது. உடனே தொக்கம் எடுக்க ஓடுகிறார்கள். தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை அம்மா! டார்ச் அடித்து அண்ணத்தின் கடைசி வரை பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். மூக்கில் எண்ணெய் விடுவதும், படுக்கவைத்துச் சங்கில் மருந்து புகட்டுவதும் இன்னும் மோசம். எண்ணெயும் மருந்தும் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்காரவைத்து, கறந்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நடுநடுவே ஏப்பம் விடவையுங்கள்.

"வளர வளரத் தானே கூடிவிடும்" என்பார்கள். கூடாது. "பெண் பிள்ளைதானே, கல்யாண சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அதுவரை அவள் வாய் திறந்து பேச வேண்டாமா?

கருத்தரிக்கும் முன்

முகப்பருவுக்குத் தோழி சொன்னாள் என்று மருந்துக்கடையில் ஐசோட்ரெட்டினாய்ன் வாங்கி விழுங்குகிறார்கள். கருவின் முகம், காது, இதயம் எல்லாவற்றையும் கெடுக்கும் மருந்து அது. வலிப்பு மாத்திரைகள் சிலவும் பிளவு உண்டாகும் வாய்ப்பைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்தினால் வலிப்பே உயிருக்கு உலை வைக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் வந்து மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஃபோலிக் அமில மாத்திரையையும் அப்போதே தொடங்கிவிடுங்கள்.

பிளவோடு பிறந்த குழந்தையின் சிகிச்சையைச் செலவை எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யில் பிளவுக்கான சிகிச்சை இலவசம். ஸ்மைல் ட்ரெயின் அமைப்போடு சேர்ந்த மருத்துவமனைகளிலும் பணம் வாங்குவதில்லை. குழந்தை பிறந்த வாரத்திலேயே வந்து பதிந்துகொள்ளுங்கள். அண்ண அறுவை ஒன்றரை வயதைத் தாண்ட விடாதீர்கள்.