அறுபத்தொன்றாம் பிள்ளை

பிள்ளைகள் மிகுதல் பள்ளிக்குப் பெருமையே. ஆயின், பிள்ளைகள் மிகுந்தும் அவர்களைத் தாங்கும் இடம் மிகாதாயின், அப்பெருமையே பேரிடராய் முடிதலும் உண்டு. அஃது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வாம்.

விழுப்புரத்தை அடுத்துப் பம்பையாற்றங்கரையில் அமைந்தது திருவாமாத்தூர். தேவாரப் பாடல் பெற்றதும், இரட்டைப்புலவர் கலம்பகம் பாடியதுமாகிய அவ்வூரைத் தமிழ் பயில்வார் அறிவர். சென்ற விடுமுறையில் ஒரு காலைப் பொழுதில் யாம் அவ்வூர்த் தெருவழியே நடந்தபோது, புத்தகப் பை சுமந்து கூட்டங்கூட்டமாய்ச் செல்லும் சிறாரைக் கண்டோம். கண்டு மகிழ்ந்த எமக்கு, இத்துணைப் பேர்க்கும் எத்துணை அறைகள் வேண்டும் என்னும் வினாவும் உடன் எழுந்தது.

இவ்வினாவிற்கு விடை பகர்வது, 2009ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரையில் ஆசிரியர் இருவர் வேண்டும். 61 முதல் 90 வரையில் மூவர் வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் குறைந்தது ஓர் அறை இருத்தல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியே. ஆகவே, அறுபத்தொன்றாம் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் எழுதும்போதே, மூன்றாம் ஆசிரியர்க்கும் மூன்றாம் அறைக்கும் நாம் கடன்பட்டவராகின்றோம். தூய குடிநீர், இருபாலார்க்கும் தனித்தனிக் கழிப்பறை, எப்பருவத்தையும் தாங்கும் கட்டடம் ஆகியனவும் அச்சட்டம் வேண்டுவனவாம். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த புயலால், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்ததை அறிந்தோர், ‘எப்பருவத்தையும்’ என்னும் சொல்லின் அருமையை உணர்வர்.

‘புதிய அறை எழும்புமளவும் ஒரு கீற்றுக் கொட்டகை போதும்’ என்பது எளிய வழியாகத் தோன்றும். அதன் விளைவைக் கும்பகோணம் காட்டிற்று. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அந்நகரின் பள்ளியொன்றில் சமையற் கொட்டகையில் பற்றிய தீ, மாடியிலிருந்த கீற்றுக்கூரை வகுப்பறைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்துவந்தன. இறங்கும் படிக்கட்டோ மிகக் குறுகியது. 94 பிள்ளைகள் மாண்டனர். அதன்பின்னரே மாநிலமெங்கும் பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. அத்துயரையொட்டித் தொடுக்கப்பெற்ற வழக்கில், அச்சமின்றிப் பாதுகாப்பாகக் கற்றலும் கல்வி உரிமையின் ஒரு கூறே என உச்சநீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.

கூரை மாறியமட்டில் இடர் ஒழிந்துவிடாது. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், 1883ஆம் ஆண்டு, விக்டோரியா மண்டபத்தில் வேடிக்கை காணச் சென்ற பிள்ளைகள், பரிசு வழங்கப்படுவது கேட்டு மாடியினின்று விரைந்து இறங்கினர். படியின் அடியிலிருந்த கதவு உட்புறமாய்த் திறப்பது. அதுவும் ஒருவர் நுழையுமளவே திறந்து தாழிடப்பட்டிருந்தது. 183 பிள்ளைகள் நெரிசலில் இறந்தனர். ஆண்டுத் தீயில்லை, கீற்றில்லை; திரண்ட கூட்டமும் குறுகிய வழியுமே இருந்தன. பலர் கூடுமிடங்களில் கதவு வெளிப்புறமாய்த் திறத்தல் வேண்டும் என்னும் விதியின் பொருள் இதனால் விளங்கும்.

பழுதுற்ற பழஞ்சுவரும் அஞ்சத்தக்கதே. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டில், அரசுப் பள்ளிகளில் புதிய வகுப்பறைகள் முதலியன அமைக்க, ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவிடும் திட்டமொன்றைத் தமிழ்நாட்டரசு அறிவித்தது.

பொருள் அரசினுடையதாயினும், விழிப்பு நம்முடையதாதல் வேண்டும். நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், சிலர் தலைமையாசிரியருமாவோம். இடமில்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பியனுப்புதல் அறமன்று. இடமின்றி அடைத்து வைத்தல் அதனினும் கொடிது. ஆதலின், ஆண்டுதோறும் பதிவேட்டை எண்ணும்போதே, அறைகளையும் படிகளையும் எண்ணுவோமாக. கதவு எப்புறம் திறக்கின்றது என்று நம் கையாலேயே திறந்து பார்ப்போமாக. அறுபத்தொன்றாம் பிள்ளை வாயிலில் வந்து நிற்கும் நாளில், அதற்குரிய இடம் அதற்கு முன்னரே அமைந்திருத்தல் வேண்டும்.