மேடைக்கு ஏறும் வழி

ஊரை விட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம் குடும்பங்களுக்குப் பள்ளி ஆண்டுவிழா சிறு நிகழ்ச்சியன்று. பரதமும் பாட்டும் பயின்ற பிள்ளைகளை மேடையிற் காண, விடுப்பு எடுத்துக்கொண்டும் செல்கின்றோம். அம்மேடைக்குப் பக்கவாட்டில் ஐந்தாறு படிகள் உண்டு. சக்கர நாற்காலியில் வரும் மாணவனுக்கு அவையே மதிற்சுவர். இருவர் அவனைத் தூக்கி ஏற்றுவர். பதினான்கு வயதில், தோழர் காணத் தூக்கிச் செல்லப்படும் கூச்சம் பெரிது. ஒத்திகையில் இருமுறை அதனைப் பட்டவன், மறு ஆண்டு நாடகத்திற்குப் பெயர் கொடுப்பதில்லை. அவனுக்கு ஆர்வமில்லை போலும் என்று ஆசிரியர் எண்ணிவிடுகின்றனர்.

மும்பையில் வளர்ந்த நடனமணி சுதா சந்திரன், 1981இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நேர்ந்த விபத்தின் விளைவாகக் காலிழந்து, ஜெய்ப்பூர்ச் செயற்கைக்கால் பொருத்தி, 1984இல் மீண்டும் மேடையில் ஆடினார். போற்றத்தக்க செய்தியே. ஆயினும், பள்ளி நாடகத்தில் வாயிற்காவலன் வேடம் பூணுவதற்கும் ஒரு பிள்ளை அற்புதம் நிகழ்த்தவேண்டுமா, என்ன?

அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள், மாற்றுத்திறனாளி மாணவர்க்குப் படிப்பில் மட்டுமின்றி விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகியவற்றிலும் சமவாய்ப்பு அளிக்கவேண்டும். கட்டடமும் வளாகமும் அவர்கள் சென்றுவரத் தக்கனவாக இருத்தல்வேண்டும். இது 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் விதி. ஆதலின் பெற்றோர் தலைமையாசிரியரிடம் தயங்கி நிற்க வேண்டுவதில்லை.

நிற்க, கணக்கையும் பார்ப்போம். ஓரடி உயரத்திற்குச் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி மேடைக்கு 36 அடி, இடையே இளைப்பாறத் தளமும் வேண்டும். இதனைக் குறுக்கிச் செங்குத்தாகப் பலகை சார்த்துவது ஆபத்து. நாற்காலி பின்னோக்கிச் சரியும். இட நெருக்கடி மிக்க நகரப் பள்ளிகளில் அத்துணை நீளத்திற்கு எங்கே போவது? மேடையை விட்டு, நாடகம் முழுவதையும் தரையிலேயே நடத்தி, காண்போரை மூன்று பக்கமும் அமர்த்தலாம். நம் தெருக்கூத்து தரையில் ஆடப்பட்டதுதானே! ஆனால் எல்லோரும் தரையில் ஆடவேண்டும். அவன் ஒருவன் மட்டும் கீழே, மற்றையோர் மேலே என்பது கூடாது. ஒப்பனை அறையும் கழிப்பறையும் மாடியில் இருப்பின், அவற்றுக்கும் கீழ்த்தளத்தில் ஓர் அறை ஒதுக்கவேண்டும். விழாவன்று இதனைத்தான் மறந்துவிடுகின்றனர்.

பள்ளிகளை மட்டும் சொல்வானேன்? நம் சங்க விழாக்களும் வாடகை மண்டபங்களில்தாம் நிகழ்கின்றன. பொங்கல் விழாவிற்கு மண்டபம் பேசச் செல்லும் அன்பர்கள், முன்பணம் கொடுக்குமுன் மேடையின் உயரத்தையும் வாயிற்படிகளின் எண்ணிக்கையையும் குறித்துவருவார்களாக.