அடிபருக்கும் அடீனியம் செடி

நாற்றுப் பண்ணைகளில் பாலைவன ரோஜா என்ற பெயரால் விற்கப்படும் அடீனியம் செடிக்கும் ரோஜாவுக்கும் உறவு யாதுமில்லை. அரளியே இதன் சுற்றமாகும். ஏமன் நாட்டில் தாவரங்களை ஆராய்ந்து 1763-ல் அங்கேயே மரித்த பார்ஸ்கால் என்பவரின் நூல் 1775-ல் வெளியாயிற்று. அதில் இச்செடி அரளி இனத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது. அரேபியாவிலும், ஸஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும் வறண்ட பாறை நிலங்களில் இது தானே வளர்கிறது.

இதன் பெருமையெல்லாம் பருத்த அடியில் இருக்கிறது. மழையில்லா மாதங்களுக்கென்று ஜலத்தை அவ்வடியில் சேர்த்து வைத்துக்கொள்ளுவது இதன் சுபாவம். இதை அறியாது துளசிக்கு வார்ப்பதுபோல் தினந்தோறும் ஜலம் வார்ப்போர், முதல் மழைக்காலத்திலேயே செடியை இழக்கின்றனர். வறட்சியால் மடிவதைவிட உபசாரத்தால் மடியும் செடிகளே அதிகம்.

ஆற்று மணல் பாதியும், செம்மண்ணும் மக்கிய எருவும் மறுபாதியுமாகக் கலந்து, செங்கல் துண்டுகளும் சேர்த்து, அடியில் துவாரமுள்ள தொட்டியில் நடவேண்டும். நாள் முழுவதும் வெயில் படவேண்டும். மண் உள்வரை உலர்ந்த பின்னரே நன்றாக நனையும்படி ஜலம் விடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைக் கூரையின்கீழ் வைத்தல் அவசியம். அடியை விரலால் அழுத்த மெத்தென்றிருந்தால் அழுகல் தொடங்கிவிட்டதென்று அறிக. உடனே பிடுங்கி, அழுகிய பாகத்தை வெண்மையான சதை தெரியும்வரை சுத்தமான கத்தியால் அறுத்தெறிந்து, நிழலில் சில நாள் உலர்த்தி, புதுமண்ணில் நட்டால் பல செடிகள் பிழைக்கும்.

கிளையை வெட்டி நட்டாலும் வேர்விடும். ஆனால் விதைச்செடிக்குரிய பருத்த அடி அதற்கு எளிதில் வாராது. விலைக்கு வாங்குவோர் பூவை மட்டும் பார்த்து ஏமாறாது அடியையும் பார்த்து வாங்குக. விதைகள் கொம்புபோன்ற இரட்டைக் காய்களில் விளைகின்றன. இரு நுனியிலும் பஞ்சுள்ள அவை காய் வெடித்ததும் பறந்துவிடுமாதலால், முற்றுமுன் காயை நூலால் சுற்றிக் கட்டவேண்டும். புதிய விதை ஒரு வாரத்திற்குள் முளைக்கும். தாயின் பூநிறம் விதைச்செடிக்கு வருமென்பது நிச்சயமில்லை. நிறம் வேண்டுவோர் விதைச்செடியின்மேல் ஒட்டுக் கட்டுகின்றனர்.

தொட்டி மாற்றுந்தோறும் மேல்வேரைச் சுமார் ஓரங்குலம் மண்ணுக்கு மேலே தூக்கி நட்டால், அடி பெருத்து விசித்திர வடிவம் பெறும். இவ்வேலையைக் கோடையிலேயே செய்க. அறுபட்ட வேர் ஆறும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், ஜலம் விடலாகாது.

தாய்லாந்திலும் தைவானிலும் இதனை ஒரு தொழிலாகவே நடத்துகின்றனர். ஆனால் நல்ல அடி அமையச் சில வருஷங்களாகும். ஒரே பருவத்தில் திருப்பவேண்டிய சங்கக் கடனை வாங்கி இதில் போடுவது தகாது. வீட்டு முற்றத்தில் சில தொட்டிகளோடு தொடங்குவதே தக்கது.

இதன் பால் கொடிய விஷம். ஆப்பிரிக்க வேட்டைக்காரர் அம்புமுனையில் பூசியது இதுவே. கவாத்துச் செய்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். குழந்தைகள் எட்டும் இடத்தில் தொட்டியை வைக்கலாகாது. வெட்டிய துண்டுகளை ஆடுமாடு மேயும் இடத்தில் எறியாது குழிதோண்டிப் புதைத்துவிடுக.