ரயில்வே வேலையும் இன்றைய வேலையும்

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ்தான் நினைவுக்கு வரும். ரயில்வேயில் நிரந்தர வேலை என்றால் குடியிருக்க வீடு, கடைசிக் காலத்தில் பென்ஷன். பெண் கொடுப்பவர்கள் வேறெதுவும் கேட்கமாட்டார்கள்! அரசாங்க இலாகாவாக இருந்த அந்த ரயில்வேயே 1992 ஆகஸ்டில் கம்பெனியாக மாறியது.

இன்று அதே வீதிகளில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் நம் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஓடினால்தான் காசு. வழியில் விழுந்து கால் முறிந்தால்? 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி சொக்சோவில் பதிந்து சந்தா கட்டியிருந்தால் சிகிச்சையும் உதவித்தொகையும் உண்டு. முதுமைக்கு? ஊழியர் சேமநிதியில் முதலாளி கட்டாயமாகச் செலுத்தும் பங்கு இவர்களுக்கு இல்லை. தாமே முன்வந்து பதிவுசெய்து, முடிந்ததைப் போட்டுவரலாம். அது பலருக்கு இன்னும் தெரியாது.