கனடாவில் தாதியாவது: முகவர்கள் சொல்லாத சில விடயங்கள்

போன மாதம் புதுக்குடியிருப்பிலிருந்து சித்தியின் மகள் அழைத்தாள். "அக்கா, கனடாவில நேர்சிங் படிக்க அனுப்பலாம் எண்டு ஒரு ஏஜென்சிக்காரர் சொல்லுறார். அம்மா வயல் காணியை விக்க யோசிக்கிறா. நீங்களும் அதைத்தானே படிச்சனீங்கள்?" என்று கேட்டாள். முகவர் கொடுத்த துண்டுப்பிரசுரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பாடநெறியின் பெயரில் 'ஹெல்த்' என்ற சொல் இருந்தது. தாதி என்ற சொல்லைக் காணவில்லை.

அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆர்.பி.என். எனப்படும் தாதியாக, முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்கிறேன். இது சமூகக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படிக்கும் 'பிரக்டிக்கல் நேர்சிங்' டிப்ளோமா. ஆர்.என். ஆவதற்கு நான்கு ஆண்டுப் பட்டம் வேண்டும். டிப்ளோமா முடித்தவர்கள் பின்னர் இணைப்புப் படிப்பின் வழியாக அந்தப் பட்டத்துக்குப் போகலாம். எங்கள் பெண்கள் பலர் செய்யும் பி.எஸ்.டபிள்யூ. வேலை இந்த இரண்டிலும் சேராது. அது பராமரிப்பு உதவியாளர் வேலை. நானும் ஆறு வருடம் அதைத்தான் செய்தேன்.

எந்தக் கல்லூரியில் படித்தாலும் தாதியாகப் பதிவு செய்வது 'கொலிஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ'. பெயரில் கொலிஜ் இருந்தாலும் அங்கே யாரும் படிப்பதில்லை. அது ஒழுங்குபடுத்தும் அமைப்பு. அது அங்கீகரித்த பாடநெறிகளின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. முகவர் சொல்லும் பாடநெறி அதில் இல்லையென்றால், படித்து முடித்தாலும் தாதிப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். காணி விற்பதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் பக்கம் அதுதான்.

என் கதை 2019 இல் ஒரு தாளில் வந்து நின்றது. வன்னியில் 2007 இல் உயர்தரம் உயிரியல் எழுதினேன். சான்றிதழ்கள் இருந்த பை மாத்தளனில் ஒரு பங்கருக்குள் கிடந்து போனது. கல்லூரியோ மூலச் சான்றிதழும் அதன் மதிப்பீடும் கேட்டது. இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழ் மீண்டும் எடுக்கலாம், ஆனால் சுட்டெண் தெரிய வேண்டும். எனக்கு ஞாபகம் இல்லை. பரீட்சை மண்டபத்தில் எனக்கு முன் மேசையில் இருந்த சிநேகிதி இப்போது வவுனியாவில் இருக்கிறாள். அவளுடைய பெறுபேற்றுத் தாள் தப்பியிருந்தது. அவளுடைய எண்ணுக்கு அடுத்தது என்னுடையது. அப்படித்தான் என் பெறுபேறு எனக்குத் திரும்பக் கிடைத்தது. சான்றிதழ் தொலைத்தவர்கள் கூடப் படித்தவர்களையும் பாடசாலையையும் கேட்டுப் பாருங்கள்.

அனுமதிக்கு ஆங்கிலம், கணிதம், உயிரியல், இரசாயனம் ஆகியவை பொதுவாகத் தேவை. கல்லூரிக்குக் கல்லூரி சிறு வித்தியாசம் உண்டு. எனக்கு ஆங்கிலமும் கணிதமும் போதவில்லை. வளர்ந்தோருக்கான பாடசாலையில் இரவு வகுப்புக்குப் போய் அவற்றை முடித்தேன். என்னோடு இருந்த சிலர் ஒரு வருட 'பிறீ ஹெல்த்' படிப்பின் வழியாக வந்தவர்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் அது நுழைவாயில் மட்டுமே, தாதிப் படிப்பில் இடம் கிடைக்கும் என்ற உறுதி அல்ல. பெப்ரவரி 1 க்கு முன் வரும் விண்ணப்பங்களைத்தான் சமமாகப் பார்ப்பார்கள். அந்தத் திகதியைத் தவறவிட்டு ஒரு வருடம் இழந்தேன்.

2021 செப்டெம்பரில் வகுப்பில் போய் இருந்தபோது, உயிரியல் தெரிந்த எனக்கு உயிரியலே விளங்கவில்லை. பிரசாரணம் தெரியும், ஒஸ்மோசிஸ் தெரியாது. செங்குழியம், நிர்ப்பீடனம், குருதியமுக்கம் எல்லாம் தெரியும். ஒரு கொப்பியில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமும் எழுதினேன். 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஹெபற்றோ' என்றால் ஈரல் என்று வேர்ச்சொற்களைப் பிடித்த பிறகு பாதிப் பாரம் குறைந்தது. தமிழில் படித்தது வீண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மருந்துக் கணக்கில் எங்கள் கல்லூரியில் 90 வீதம் எடுக்க வேண்டும். கணக்கு கடினமில்லை. வைத்தியர் 500 மில்லிகிராம் எழுதியிருக்கிறார், போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 250 என்று இருக்கிறது, ஆகவே 10 மில்லிலீற்றர். தசமப்புள்ளி ஒன்று தவறினால் பத்து மடங்கு மருந்து போய்விடும். அதனால்தான் அந்தக் கடுமை.

என்னை உண்மையில் விழுத்தியது கேள்விகளின் முறை. நாங்கள் ஊரில் பாடமாக்கி எழுதிப் பழகியவர்கள். இங்கே நான்கு விடையும் சரியாக இருக்கும், முதலில் எதைச் செய்வாய் என்று கேட்பார்கள். நோயாளி மூச்சு விடக் கஷ்டப்படுகிறார். வைத்தியரை அழைப்பதா, பதிவேட்டில் எழுதுவதா, குடும்பத்துக்குச் சொல்வதா, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவதா? நான் வைத்தியரை அழைத்தேன். பிழை. உயர்த்துவதற்கு ஒரு நொடி போதும், அதுவே மூச்சை இலகுவாக்கும். வைத்தியரை அதன் பிறகு அழைக்கலாம். முதல் தவணையில் ஒரு பாடம் தவறியது இதனால்தான். பிறகு தினமும் இருபது கேள்வி செய்து, பிழைத்த ஒவ்வொன்றுக்கும் ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுதினேன். பதிவுக்கான 'றெக்ஸ் பி.என்.' பரீட்சையும் இதே மாதிரிதான். 2022 ஜனவரியில் தொடங்கிய கணினிப் பரீட்சை அது. உங்கள் விடைகளைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தெரிவு செய்யும். குறைந்தது 90, கூடியது 150 கேள்விகள், நான்கு மணித்தியாலம். நான் 2023 இல் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வைத்தியசாலைப் பயிற்சியின் இரண்டாம் நாள், கூரையில் நோயாளியைக் கொண்டுவந்த ஹெலிகொப்டர் இறங்கியது. சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் மருந்து வண்டிக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். மற்ற மாணவிகள் சிரித்தார்கள். பயிற்றுநர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் கல்லூரி ஆலோசகரிடம் போனேன். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை, நான் சொன்னது எந்தப் பதிவிலும் ஏறவில்லை. இப்படி ஏதாவது உங்களுக்கு இருந்தால் பயிற்சி தொடங்க முன்னரே சொல்லுங்கள். நான் சொல்லாமல் போனது மடைத்தனம்.

காசு விடயம்: குடியுரிமை, நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளும் ஒன்ராறியோ அரசின் 'ஓசாப்' மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நான் அதில்தான் படித்தேன், வார இறுதியில் பழைய வேலையையும் செய்தேன். வெளிநாட்டு மாணவருக்கு அது கிடையாது, கட்டணமும் பல மடங்கு. 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பும் அறிவித்தது. என் வழியும் தங்கச்சியின் வழியும் ஒன்றல்ல என்பதை அவளுக்கு விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் பிடித்தது.

அவளுக்கு உயர்தரத்தில் உயிரியல் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அரச தாதியர் கல்லூரிகள் இருக்கின்றன. மூன்று வருடம், படிக்கும்போதே கொடுப்பனவு. அங்கே படித்து வேலை செய்தவர்களுக்கும் பின்னர் இங்கே பதிவுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அடுத்த வர்த்தமானி அறிவித்தல் எப்போது வரும் என்று பார்க்கச் சொன்னேன். "அப்ப காணி?" என்று கேட்டாள். போனை சித்தியிடம் குடுக்கச் சொன்னேன்.